பல்வைத்தியரும் அரசினர் பதிவேடும்

நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை புரிவோன் என்னும் நான்கும் ஒருங்கே பொருந்தியதே மருத்துவம் எனத் திருவள்ளுவர் கொண்டனர் என்பதைத் திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைக் கற்றோர் நன்கு அறிவர். இந்நான்கனுள் இரண்டாவதாகக் கூறப்பட்ட வைத்தியன் உண்மையிலே வைத்தியன்தானா என்பதை அறுதியிட்டுக் கூறுபவர் யார்? நோயாளி கூறமுடியாது, அவன் வேதனையால் வாடுபவன். வைத்தியன் தானே கூறினும் அதனை அப்படியே நம்புதற்கில்லை. ஊரார் கூறுவது சில வேளைகளில் உண்மையாகும். சில வேளைகளில் வெறும் புகழ்ச்சியாகும். ஆகவே இவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு நாளடைவில் அரசினைச் சார்ந்தது. அரசு அப்பொறுப்பினை எவ்வாறு ஏற்றது, ஏற்றபின் அதனை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்பவற்றைப் பல்வைத்தியத் துறை ஒன்றினை மட்டுங் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவத்தின் கிளைகள் பலவற்றுள்ளும் பல்வைத்தியத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. காய்ச்சலுற்றவன் இரண்டொரு நாள் பொறுத்திருந்து நல்ல வைத்தியனை நாடுவான். பல்வலி கொண்டவனோ நள்ளிரவிலே எழுந்திருந்து, யார் பிடுங்கினாலும் போதும் என்னும் நிலையை அடைகின்றான். வலி நீங்கிய மறுகணமே அதனை மறந்தும் விடுகின்றான். இதனால், கைவலியும் ஒரு குறடும் உடைய எவரும் பல்வைத்தியராகத் தொழில் நடத்துதல் உலகெங்கும் எளிதாயிருந்தது. உத்தரவு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்னும் எல்லைக்கோடு வேறெந்தத் துறையினும் இத்துறையிலே நெடுங்காலம் மங்கலாகவே கிடந்தது.

அரசின் அனுமதி பெற்றே வைத்தியன் தொழில் தொடங்க வேண்டும் என்னும் எண்ணம் மேனாட்டார் நமக்குக் கற்பித்தது எனச் சிலர் கருதுவர். அஃது அத்துணைப் பொருத்தமன்று. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம், நூலைக் கற்று, அதன் பொருளை உணர்ந்து, செய்முறையைக் கண்டும் தானே செய்தும் பழகியபின், அரசனது அனுமதியைப் பெற்றே வைத்தியன் தொழிலிற் புகவேண்டும் என விதிக்கின்றது. அந்நூல் வாய்நோய்களை அறுபத்தைந்தாக வகுத்து, உதடு, பல்லீறு, பல், நாக்கு, அண்ணம், தொண்டை என இடம்பற்றியும் பிரித்துரைக்கின்றது. பறித்தெடுக்குந் தொழிலை மாணவன் முதலிலே கனிகளின் சதையினின்று வித்துக்களை எடுத்தும், இறந்த விலங்கின் பற்களைப் பிடுங்கியும் பழகவேண்டும் என்றும் அது கூறுகின்றது. உயிருள்ள மனிதனின் வாயிற் குறடு வைப்பதற்கு முன் வேறிடத்திற் பழகியிருத்தல் வேண்டும் என்னும் இவ்விதியே இக்காலப் பல்வைத்தியக் கல்லூரிகளிலும் வேறு வடிவில் வழங்குகின்றது.

கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் இது பற்றிப் பேசுகின்றது. உயிருக்கு ஆபத்தான நோயை அதிகாரிகளுக்கு அறிவியாது வைத்தியஞ் செய்து நோயாளி இறப்பின் வைத்தியன் தண்டத்துக்குரியவன்; வைத்தியனது பிழையினாலே இறப்பு நேரின் தண்டம் இன்னும் மிகும் என்பது அந்நூலின் விதி. முன்னையது தொழிலிற் புகுமுன் பெறும் அனுமதி. பின்னையது தொழிலிற் புகுந்தபின் ஏற்கும் பொறுப்பு. இக்கால மருத்துவச் சட்டங்கள் யாவும் இவ்விரண்டு தூண்களின் மீதே நிற்கின்றன என்பது கருதற்பாலது. ஆயினும் பண்டைக்காலத்தில் இல்லாத ஒன்று பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அதுவே பதிவேடு. இன்னார் தகுதியுடையார் எனப் பெயர் குறித்து, அப்பட்டியலை யாவரும் பார்க்கும்படி வெளியிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைவேயாகும்.

ஐரோப்பாவிலே பல் பிடுங்குதல் நெடுங்காலம் நாவிதர்க்கும் சந்தைகளிற் கூட்டங் கூட்டுவோர்க்கும் உரிய தொழிலாயிருந்தது. பிரான்சு தேசத்து அரசினர் 1699இல் பாரிசு நகரத்திற் பற்களுக்குச் சிகிச்சை செய்வோர் பரீட்சைக்குட்பட வேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தனர். பியேர் போசார் என்னும் பிரெஞ்சுக்காரர் 1728இல் வெளியிட்ட பெருநூல் பல்வைத்தியத்தை ஒரு தனிக் கலையாக நிலைநாட்டிற்று. அமெரிக்காவிலே 1840இல் பால்ரிமோர் நகரில் உலகின் முதலாவது பல்வைத்தியக் கல்லூரி தோன்றியது. அடுத்த ஆண்டாகிய 1841இல் அலபாமா மாநிலம் பல்வைத்தியர்க்கு உத்தரவு வழங்குதல் பற்றிய சட்டத்தை இயற்றியது.

இக்காலத்திலே தோன்றிய இரண்டு புதுமைகள் அரசின் தலையீட்டை மேலும் அவசியமாக்கின. ஒன்று, 1840களில் நைதரசொட்சைட்டு, ஈதர் என்னும் மயக்க வாயுக்களின் பயன் அறியப்பட்டமை. மற்றொன்று, கந்தகஞ் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பரினாலே கட்டுப்பல்லுக்கு அடித்தட்டு அமைக்குமுறை. முன்னர்ப் பொன்னினாலும் தந்தத்தினாலும் செய்யப்பட்டுச் செல்வர்க்கே உரியதாயிருந்த கட்டுப்பல், இம்முறையினால் எளியோர்க்குங் கிட்டுவதாயிற்று. வலியின்றிப் பல்லைப் பிடுங்கலாம். மலிவாகப் பல்லைக் கட்டலாம் என்னும் நிலை வரவே, கல்லாதார் பலர் கடை விரித்தனர். காப்பாற்றக்கூடிய பற்களையும் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் விற்பதே இலாபகரமான வியாபாரமாயிற்று. நோயாளியின் நன்மையும் தொழிலாளியின் ஊதியமும் எதிரெதிராகச் செல்லும் இடத்திலேதான் சட்டத்தின் கை தேவைப்படுகின்றது.

இங்கிலாந்தின் அனுபவம் இலங்கைக்கு நேரே தொடர்புடையதாகலின் அதனைச் சிறிது விரித்துரைத்தல் தகும். இங்கிலாந்தின் அரச சத்திரவைத்தியக் கல்லூரி 1860இல் பல்வைத்தியத்துக்கெனத் தனிப் பரீட்சையைத் தொடங்கியது. சேர் யோன் தோம்சு முதலியோரின் முயற்சியால் 1878இல் பல்வைத்தியர் சட்டம் நிறைவேறியது. பதிவேடு அமைக்கப்பட்டது, பதிவு பெறாதவர் தம்மைப் பல்வைத்தியர் எனப் பெயரிட்டுக் கூறுதல் தடுக்கப்பட்டது. அதுவரை தொழில் நடத்தியவர்கள் பரீட்சையின்றியே பதிவுபெற இடமளிக்கப்பட்டமையால், முதற் பதிவேட்டிலே இடம்பெற்றவருட் பெரும்பாலோர் பட்டயம் பெறாதவர்களே.

இச்சட்டத்திலே ஒரு பெருங்குறை இருந்தது. அது பெயரைக் காத்ததேயன்றித் தொழிலைக் காக்கவில்லை. ‘பல்வைத்தியர்’ என்று பலகையில் எழுதுதல் குற்றம். ஆனால் அப்பெயரை எழுதாது, ‘இங்கே செயற்கைப் பல் கட்டப்படும், வலியின்றிப் பல் பிடுங்கப்படும்’ என்னுங் கருத்துப்பட எழுதுதல் குற்றமன்று என 1910இல் பிரபுக்கள் சபை ஒரு வழக்கிலே தீர்ப்பளித்தது. அதன்பின் சட்டம் வெற்றுச் சட்டமாயிற்று. நிலைமையை ஆராய அக்லண்டு என்பாரின் தலைமையில் அமைந்த குழு 1919இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் விளைவாக 1921ஆம் ஆண்டின் சட்டம் எழுந்தது. பதிவு பெறாதார் பல்வைத்தியத் தொழிலைச் செய்தலே கூடாது என அது விதித்தது.

1921ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கும் விதித்தது, இரக்கமுங் காட்டியது. சட்டத்துக்கு முந்திய ஏழாண்டுகளில் ஐந்தாண்டேனும் பல்வைத்தியத்தையே முதன்மையான பிழைப்பாகக் கொண்டோர் முதலானோர்க்குப் பதிவேட்டின் வாயில் திறந்து வைக்கப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவர் பல் பிடுங்கலாம். அவசர வேளையிலே, மயக்க மருந்து கொடாது, மருந்து விற்பனையாளரும் பிடுங்கலாம் எனச் சில விலக்குகளும் வைக்கப்பட்டன. பல்வைத்தியர் இல்லாத சிற்றூர்களை மனத்திற் கொண்டே இவ்விலக்கு வகுக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும். பின்னர் 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் பல்வைத்தியர்க்கெனத் தனிப் பேரவை அங்கே அமைந்தது.

இந்தியாவை நோக்குவோம். கல்கத்தாவிலே டொக்டர் இரபியுதீன் அகமது என்பார் 1920இல் பல்வைத்தியக் கல்லூரியை நிறுவினார். வங்க மாகாணம் 1939இல் பல்வைத்தியர் சட்டத்தை இயற்றியது. சுதந்திரத்தின்பின் 1948இல் இந்தியா முழுவதற்கும் பொதுவாய பல்வைத்தியர் சட்டம் வந்தது. 1949இல் இந்தியப் பல்வைத்தியப் பேரவை அமைந்தது. சென்னையிலே மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953இல் பல்வைத்தியக் கல்வி தொடங்கியது. இந்தியச் சட்டமும் பழைய தொழிலாளரைப் புறந்தள்ளவில்லை. பதிவேட்டினை இரண்டு பகுதிகளாக வகுத்து, அங்கீகரிக்கப்பட்ட பட்டமுடையோரை முதற் பகுதியிலும், பட்டமின்றி ஐந்தாண்டுக்குக் குறையாது தொழில் செய்து பிழைத்தோரை இரண்டாம் பகுதியிலும் சேர்த்தது. 2023இல் இந்தியப் பாராளுமன்றம் அப்பழைய சட்டத்தின் இடத்திலே தேசியப் பல்வைத்திய ஆணைக்குழுவை அமைக்கும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது.

இனி, இலங்கைக்கு வருவோம். நமது மட்டக்களப்புப் பகுதியிலே பல்நோய்க்கு மருந்து கொடுத்தவர் பரிசாரியாரே. ஆலும் வேலும் பற்குச்சியாயின. கராம்பு வலி தணித்தது. கண்டங்கத்தரி விதையை எரித்து அதன் புகையை வாயிற் பிடித்தாற் பற்புழு விழும் என நம்பினர். ஆடிய பல்லை நூல் கட்டி இழுப்பாரும் உளர். பல்லைப் பிடுங்கியே தீரவேண்டும் என்னும் நிலையில், ஆங்கில மருந்து வந்த பிற்காலத்திலே மருந்தகத்து அப்போதிக்கரியாரை நாடினர். நகரங்களிலே கட்டுப்பல் கட்டுவோர் தோன்றினர். அவருட் சீனதேசத்தினின்றும் வந்து துணி விற்றும் பல் கட்டியும் வாழ்ந்த குடும்பத்தாரும் அடங்குவர். இவர்களெல்லாம் மக்களுக்குச் சேவை செய்தவர்களே என்பதை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் இன்னார் இன்னது கற்றார் என்பதற்கு எழுத்தாதாரம் எதுவும் இருக்கவில்லை.

கொழும்பிலே 1870இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மருத்துவர் தொகை பெருகவே அவர்களைப் பதிவு செய்யுஞ் சட்டமும் 1905இல் வந்தது. பின்னர் எழுந்த 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமே, பல திருத்தங்களோடு, இத்துறையின் அடிப்படைச் சட்டமாக இன்றும் விளங்குகின்றது. மருத்துவர், பல்வைத்தியர், மருத்துவிச்சியர், மருந்தாளர் ஆகிய பல திறத்தாரையும் அது ஒரே சட்டத்துள் அடக்கி, ஒரு சபையின் கண்காணிப்பிலே வைத்தது. முன்னர் இலங்கைக்கு ‘சிலோன்’ என்னும் பெயர் வழங்கிய காலத்திற் சிலோன் மருத்துவச் சபையாயிருந்து, இன்று இலங்கை மருத்துவச் சபை என வழங்குவது அதுவே. பதிவு பெறாதார் ஊதியங் கருதிப் பல்வைத்தியஞ் செய்தலை அச்சட்டம் தடுக்கின்றது. பதிவு பெற்றவரிடத்தே இழிந்த ஒழுக்கங் காணப்படின் விசாரணை நடத்தி அவரது பெயரைப் பதிவேட்டினின்றும் நீக்கும் அதிகாரத்தையும் சபைக்கு அளிக்கின்றது. சுசுருதர் கூறிய அனுமதியும் கௌடிலியர் கூறிய பொறுப்பும் ஈண்டு ஒருங்கே அமைந்தன எனலாம். சுதேச வைத்தியர்க்கு வேறு பாதை வகுக்கப்பட்டது. 1929இற் கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அவர்களுக்கெனத் தனிப் பதிவினை நிலைநிறுத்தியது.

இலங்கைச் சட்டம் பெயரை மட்டுங் காவாது தொழிலையே காத்தமை நம்மவர்க்குப் பெரிதும் ஏற்றதாயிற்று. பெயரைக் காக்குஞ் சட்டம் அப்பெயரை வாசித்தறியக்கூடிய மக்களிடையேதான் பயன்படும். ஆங்கில எழுத்துக்களாலான பட்டத்தைப் பலகையிலே கண்டு, இஃது உண்மையானது, இது போலி எனப் பிரித்தறிய நமது கிராமத்தவர் எத்தனை பேரால் இயன்றது? பல்லைப் பிடுங்கியவர் எவராயினும் அவர் ‘பல்லு டொக்டரே’. பேச்சு வழக்கிலே பட்டதாரியும் மற்றவரும் ஒரே பெயரைப் பெற்றனர். ஆகவே பெயர்ப்பலகையைச் சட்டம் திருத்துவதாற் பயனில்லை. செயலையே வரையறுத்தல் வேண்டும்.

ஆனால், சட்டம் வகுத்த எல்லைக்கு உட்பட்டு நிற்கத்தக்க தகுதியுடையார் எங்கே இருந்தனர்? இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. அதன் மருத்துவ பீடத்தில் 1943இலேதான் பல்வைத்தியக் கல்வி தொடங்கியது. அதற்குமுன் பல்வைத்தியப் பட்டம் வேண்டினோர் பெரும்பாலுங் கடல் கடந்தே செல்லவேண்டியிருந்தது. அவ்வாறு சென்று மீள்வதற்குப் பொருள் வசதி உடையோர் சிலரே. மீண்டவரும் கொழும்பிலும் பெருநகரங்களிலுமே தங்கினர் என்பதிலே வியப்பில்லை. ஆக, 1927ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் 1943இல் தொடங்கிய கல்விக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கழிந்தன. இன்னார் செய்யலாகாது என்பதை அரசு முதலிற் கூறியது. செய்யத்தக்கார் இவர் என ஆக்கித் தருவதற்குப் பின்னரே முற்பட்டது. இலங்கைப் பல்வைத்திய வரலாற்றின் உட்பொருள் முழுவதும் இவ்விடைவெளியிலே அடங்கியுள்ளது என்பது எமது துணிபு.

கொழும்பிலே தொடங்கிய பல்வைத்தியக் கல்வி 1954இல் பேராதனைக்கு மாறியது. பின்னர் அது தனிப் பீடமாக வளர்ந்தது. யப்பானிய அரசின் உதவியுடன் புதிய போதனா வைத்தியசாலையும் அங்கே எழுந்தது. இலவசக் கல்வியின் பயனாகத் தமிழ்க் கிராமங்களிற் பிறந்த மாணவரும் பேராதனைக்குச் சென்று பல்வைத்தியராயினர். ஆயினும் நெடுங்காலம் தீவு முழுவதற்கும் அவ்வொரு நிலையமே பல்வைத்தியரை உருவாக்கியமையால், தேவையின் அளவுக்குப் பல்வைத்தியர் கிடைத்திலர். வெளிநாட்டிலே பட்டம் பெற்றோர் மருத்துவச் சபை நடத்தும் பரீட்சையிற் சித்தியெய்தியபின்னரே பதிவு பெறலாம் என்னும் விதியும் நிலைத்தது. தகுதியைத் தளர்த்தித் தொகையைப் பெருக்குதல் கூடாது என்பது அதன் கருத்து. அது சரியான கருத்தே. ஆனால் தொகை குறைவாயிருக்குங்கால் தூரத்துக் கிராமத்தவன் செய்வது யாது என்னும் வினா அதனால் மறைந்துவிடவில்லை.

இவ்வினாவுக்கு ஓரளவேனும் விடை தந்தது ஏட்டுச் சட்டமன்று. நியூசீலாந்திலிருந்து வந்த ஒரு முறையாகும். முதலாம் உலகப் போருக்கு ஆள் திரட்டியபோது அந்நாட்டு இளைஞரின் பற்கள் மிகவுங் கேடுற்றிருந்தமை வெளிப்பட்டது. அப்போரிலே படையினரின் பல்வைத்தியப் பகுதிக்குத் தலைமை தாங்கிய தோமசு அந்தேசன் அண்டர் என்பார், குழந்தைகளின் பற்களைப் பேணினாலன்றி இக்கேடு நீங்காது எனக் கண்டார். பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் அனுப்பப் பல்வைத்தியர் இலர். ஆகவே இளம்பெண்களைத் தெரிந்து, இரண்டாண்டு பயிற்றி, பாடசாலைப் பல்தாதியராக நியமிக்கும் திட்டம் 1921இல் அங்கே தொடங்கியது. பல்வைத்தியருட் சிலர் இதனை ஐயுற்றனர். பல்லாண்டு கற்றோர்க்குரிய தொழிலை இரண்டாண்டு பயின்றோரிடம் ஒப்படைப்பதா என அவர்கள் வினாவியது இயல்பே.

அவ்வினாவுக்கு நியூசீலாந்து கண்ட விடை நுட்பமானது. பல்தாதியர்க்கு முழு உத்தரவு அளிக்கப்படவில்லை. வரம்பிட்ட உத்தரவே அளிக்கப்பட்டது. இன்ன வயதுக்குட்பட்ட குழந்தைக்கே, இன்ன இடத்திலேயே, இன்ன சிகிச்சையை மட்டுமே, பல்வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்யலாம் என நான்கு எல்லைகள் வகுக்கப்பட்டன. சூத்தைப்பல்லைத் துப்புரவாக்கி அடைத்தல், பாற்பல்லைப் பிடுங்குதல், பல் விளக்கும் முறையைக் கற்பித்தல் முதலியன அவர்களுடைய பணி; அதற்கு மேற்பட்டவற்றுக்கு நோயாளியை வைத்தியரிடம் அனுப்பவேண்டும். செய்யலாம், செய்யலாகாது என்னும் இரண்டே நிலைகளன்றி, இவ்வளவு செய்யலாம் என்னும் மூன்றாவது நிலையும் உண்டு என்பதை உலகம் இதனாற் கண்டது.

கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசீலாந்து அளித்த உதவியினால், 1950களில் மகரகமையிலே பல்தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. அங்கே பயின்றோர் நாட்டின் பல பகுதிகளிலும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிற் கடமையேற்றனர். இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்னும் பெயரோடு பணிபுரிவோர் அம்மரபினரே. கட்டணமின்றி, பாடசாலை வளவிலேயே, பெற்றோர் ஒருநாட் கூலியை இழக்காது பிள்ளையின் பல்லுக்குச் சிகிச்சை கிடைத்தல் எளிய குடும்பத்துக்கு எத்துணைப் பேருதவி என்பதை ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் நன்கு அறிவர். கன்னம் வீங்கிய பிள்ளைக்குக் கணக்கும் ஏறாது, இலக்கணமும் ஏறாது. பல்வலியினால் வகுப்பை இழந்த நாட்களை எந்த இடாப்பும் வேறாகக் குறிப்பதில்லை. சமுகமளிக்கவில்லை என்றே குறிக்கும்.

நிற்க. இத்துணைக் கட்டுப்பாடு வேண்டுமா, பல் பிடுங்குவது அத்துணைப் பெரிய காரியமா என வினாவுவார் உளர். அவர் அறியவேண்டுவன மூன்று. முதலாவது, கடைவாய்ப்பல்லின் வேரிலே தோன்றிய சீழ் தாடையின் கீழ்ப்புறத்திற் பரவிக் கழுத்தை வீங்கச் செய்து மூச்சுக்குழலை அடைத்து உயிரையே போக்கவல்லது. செருமானிய மருத்துவர் லுட்விக்கு 1836இல் இந்நோயை விவரித்தமையால் அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது. அவ்வறிகுறியைக் கண்டவுடன் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்ப அறியாதவன் குறட்டைப் பிடித்தல் ஆபத்தானது. இரண்டாவது, ஒருவர் வாயினின்று எடுத்த ஆயுதத்தை முறைப்படி கிருமிநீக்கஞ் செய்யாது மற்றொருவர் வாயில் வைப்பின் ஈரலைத் தாக்கும் கிருமிகளும் வேறு கொடிய கிருமிகளும் குருதிவழிப் பரவும். வெறுமனே கழுவித் துடைத்தலும் வெந்நீரில் நனைத்தலும் அதற்குப் போதா. அமுக்க நீராவியே வேண்டும்.

மூன்றாவது நமது நாட்டுக்குச் சிறப்பாக உரியது. இலங்கை ஆடவரிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்னிற்கின்றது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கமே அதற்கு முதன்மையான காரணம். பாக்கு மட்டுமே புற்றுநோயை விளைவிக்கவல்லது என்பதும் பின்னர் நிறுவப்பட்டுள்ளது. இந்நோய் தொடக்கத்திலே வலியற்ற ஒரு வெண்படலமாகவோ செம்படலமாகவோ ஆறாத சிறு புண்ணாகவோ தோன்றும். சில வேளைகளிலே பல் ஆடுவதே முதல் அறிகுறியாகும். பயின்ற கண் அதனைக் கண்டு உரிய இடத்துக்கு அனுப்பும். பயிலாத கை ஆடும் பல்லைப் பிடுங்கிக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும். நோயாளி மீண்டும் வைத்தியரைக் காணும்போது மாதங்கள் பல கழிந்திருக்கும். பதிவேட்டிலுள்ள ஒரு பெயருக்கும் அதில் இல்லாத ஒரு பெயருக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிலவேளைகளில் ஓர் உயிரின் அளவினதாகும்.

இனி, இவ்வரலாற்றை மாங்கேணி போன்ற ஓர் ஊரிலே வைத்து நோக்குதல் பயனுடைத்து. வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை செல்லும் வீதியிலே, கடலுக்கும் மரமுந்திரிகைத் தோட்டங்களுக்கும் இடையே அமைந்தது மாங்கேணி. மீன்பிடியும் சேனைப்பயிருங் கூலித்தொழிலும் இப்பகுதியாரின் பிழைப்பு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006, 2007ஆம் ஆண்டுகளிற் போரினால் நேர்ந்த இடப்பெயர்வும் வாகரைப் பிரிவு முழுவதையும் நிலைகுலையச் செய்தன. இத்தகைய இடங்களிலே உணவும் உறையுளும் முதலிலும் பல் இறுதியிலும் வருதல் இயல்பே. ஊரவர் ஒருவர் பதிவு பெற்ற பல்வைத்தியரை நாடி நகர் நோக்கிச் செல்வதாயின் பேருந்துச் செலவும் ஒரு நாள் வருமானமும் போகும். ஆகவே வலியைப் பொறுத்துக் கொள்வார், கராம்பை வைப்பார், வலிநீக்கும் வில்லைகளை விழுங்குவார், இறுதியில் யாரேனும் ஒருவர் மலிவாகப் பல் பிடுங்குவதாகவோ கட்டுவதாகவோ கூறின் அவரிடமே செல்வார்.

இவ்வாறு கிராமந்தோறும் உலவிப் பல் கட்டுவோர், இழந்த பல்லின் இடத்திலே குளிர்நிலையில் இறுகும் ஒருவகைச் செயற்கைப் பசையை ஊற்றி, அயலிலுள்ள பற்களோடு நிலையாக ஒட்டிவிடுதல் தெற்காசிய நாடுகளிலே காணப்படும் வழக்கம். கழற்றிக் கழுவமுடியாத அதன்கீழ் உணவு தங்கி ஈறு அழுகும்; நல்ல பற்களும் ஆடும். நோயாளி முதலிலே கொடுத்தது சிறு தொகையாயினும், இறுதியிற் கொடுப்பது எஞ்சிய பற்களையாகும். சட்டம் இதனைத் தடுக்கின்றது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் போலி வைத்தியரை ஊரினின்றும் நீக்கிவிட்டு, அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடின், நோயாளி அடைந்த நன்மை பாதியேயாம். இல்லாத வைத்தியரால் எவருக்குந் தீங்கில்லை என்பது உண்மை. எவருக்கும் பயனுமில்லை என்பதும் உண்மை.

இதனைக் கொண்டு, வைத்தியர் இல்லாத ஊரிலே போலி வைத்தியரேனும் இருக்கட்டும் எனச் சிலர் வாதிப்பர். அவ்வாதம் ஏழைக்கு ஒரு நீதியும் செல்வர்க்கு ஒரு நீதியும் வகுப்பதாகும். நகரத்தவன் வாய்க்குக் கிருமிநீக்கிய ஆயுதம் வேண்டும், மாங்கேணியான் வாய்க்கு வேண்டாம் எனக் கூறுவார் உண்டோ? தகுதியின் அளவு ஊருக்கூர் வேறுபடல் ஆகாது. வேறுபடக்கூடியது பணியின் வரம்பு ஒன்றே. முழுத் தகுதி பெற்றோர் எட்டாத இடத்திலே, வரம்புக்குட்பட்ட தகுதியை முறையாகப் பெற்றோர், மேற்பார்வைக்குட்பட்டுப் பணிபுரியலாம். நியூசீலாந்தும் மகரகமையும் நமக்குக் கற்பித்த பாடம் இதுவே. ஆசிரியத் தொழிலிலும் இதற்கு ஒப்புமை உண்டு. பயிற்றப்பட்ட ஆசிரியர் போதாத காலத்திலே பயிற்சி பெறாதவரும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களைப் பின்னர்ப் பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்பித் தகுதியாக்கியதே நாட்டுக்கு நன்மை தந்தது. பாடசாலையை மூடிவிடுதலும், தகுதியே வேண்டாம் எனல் போலவே, தீமை விளைத்திருக்கும்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். அனுமதியும் பொறுப்பும் நமது முன்னோரும் அறிந்தவை. பதிவேடு அவற்றுக்குப் பிற்காலம் தந்த கருவி. இங்கிலாந்தும் இந்தியாவும் பழைய தொழிலாளரைப் பதிவேட்டினுள் ஏற்றுக்கொண்டே புதிய தகுதியை நிலைநாட்டின. இடைக்கால இரக்கம் சட்டத்தை வலுவிழக்கச் செய்யவில்லை. இலங்கையிலோ ஏடு முதலிலும், கல்லூரி பின்னரும், கிராமத்துச் சேவை அதற்கும் பின்னருமாக வந்தன. ஏடும் கல்லூரியும் சேவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டியவை. ஏடு மட்டும் இருப்பின் அது வெறும் விலக்கு. கல்லூரி மட்டும் இருப்பின் அது நகரத்தார்க்கே பயன். சேவை மட்டும் ஏட்டின் காவலின்றி இருப்பின் அது பேராபத்து.

இவ்வரலாற்றினின்றும் மாணவரும் பெற்றோரும் கைக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பல்வைத்தியரிடம் செல்லுங்கால் அவருடைய பதிவு இலக்கத்தைக் கேட்டறிதல் அவமரியாதையன்று. தகுதியுடையார் அதனை மகிழ்ந்தே காட்டுவர். மருத்துவச் சபையின் பதிவேட்டை இக்காலத்திலே இணையத்தின் வாயிலாகவும் எவரும் நோக்கலாம். ஊரிலே கற்றோர் கல்லாதார்க்கு அதனைப் பார்த்துச் சொல்லுதல் ஒரு சிறு அறச்செயலாகும். அதனினும் பெரிய கடமை, நமது ஊர்ப் பாடசாலைகளுக்குப் பற்சிகிச்சை நிலையங்களும் நடமாடுஞ் சிகிச்சைப் பிரிவுகளும் வேண்டும் எனப் பெற்றாரும் ஆசிரியரும் கூடி உரியவரிடம் ஓயாது கேட்டல். போலியை விலக்கும் உரிமையை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. உண்மையானவரை அனுப்பும் கடமையும் அவ்வுரிமையோடு பிறந்ததே. அக்கடமை மாங்கேணி வரை வந்து சேரும் நாளிலேதான் 1927ஆம் ஆண்டின் சட்டம் தன் பணியை முடித்ததாகக் கொள்ளலாம்.